பெவிலாக்வா பெயர்ப் பாதுகாப்புக் கழகம்

நிவெஸ் செப்டம்பரில் இறந்தாள். அவளுடைய பெயரைக் கல்லறைச் சுவரில் பொறிக்கக் கேட்டபோது, பாதிப் பெயருக்குத்தான் அனுமதி என்றார்கள். நிவெஸ் என்று போடலாம். பெவிலாக்வா என்று போடக் கூடாது.

இதைச் சொன்னவன் பளிங்கு வெட்டுபவன். வருத்தத்தோடுதான் சொன்னான். கொஞ்ச நாள் முன்பு ஒரு கிழவருக்கு முழுப் பெயரையும் பொறித்துவிட்டு அபராதம் கட்டியிருக்கிறான். கழகத்தின் முத்திரையை வாங்கி வந்தால் அன்றைக்கே முடித்துத் தருவதாகச் சொன்னான்.

எங்கள் நாட்டில் கல்யாணம் ஆனாலும் பெண் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் வாழ்ந்து சாகிறாள். நான் இவானோ கெரார்தி. அவள் நிவெஸ் பெவிலாக்வா. பள்ளிக்கூட வருகைப் பதிவிலிருந்து, ஆஸ்பத்திரியில் மருந்துப் பையின் மேல் ஒட்டிய சீட்டு வரை அவளுக்கு அதுதான் பெயர். அந்தச் சீட்டை யாரும் ஆட்சேபித்ததில்லை.

நிவெஸின் ஊரான பியான்தோர்த்தாவின் கல்லறை ஒரு நீளமான சுவர். சுவரில் அடுக்கடுக்காக மாடங்கள். மாடத்துக்குள் பெட்டியைத் தள்ளி, வாயைப் பூசி, மேலே பளிங்குப் பலகையைப் பதிப்பார்கள். நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தோர் நாளில், ஊர் முழுவதும் பூவோடு வந்து சுவர் நெடுக நடக்கும். ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டுப் படிப்பது எங்கள் வழக்கம். படிக்க எதுவும் இல்லாத பலகையின் முன் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. தாண்டிப் போய்விடுவார்கள்.

நிவெஸின் அம்மா இயோலே கேட்டது ஒன்றுதான். பாதிப் பெயரைப் பொறிக்க அவள் சம்மதிக்கவில்லை; நவம்பர் இரண்டுக்குள் முழுப் பெயரும் வர வேண்டும்.

"தாண்டிப் போக விடாதே மாப்ளே. அவ்வளவுதான் உன்கிட்ட கேக்கறேன்" என்றாள்.

செய்கிறேன் அத்தை என்றேன். அந்த மாதங்களில் யார் எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொன்னேன்.

கழகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலைச் சரிவுக்கென்று ஒரு பாலாடைக்கட்டி இருந்தது. வண்டிச் சக்கரம் போல வட்டமானது, உப்பு கூடுதல். உள்ளூரிலேயே யாரும் அதை விரும்பித் தின்றதில்லை. ஆனாலும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. இந்த எல்லைக்குள் கறந்த பால், இந்த எல்லைக்குள் உறைந்த கட்டி, இத்தனை காலம் முதிர்ந்தது, இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். இதைக் கண்காணிக்க ஒரு கழகம். கழகத்துக்கு ஒரு கட்டடம், ஒரு முத்திரை, ஒரு தலைவர். கட்டியைச் சின்னச் சுத்தியலால் தட்டி, உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று காதால் கண்டுபிடிக்கும் ஃபெர்மோ என்ற ஆய்வாளர்.

பிறகு மாடுகளை விற்றார்கள். கட்டி நின்றுபோனது. கழகம் நிற்கவில்லை. அதைக் கலைக்க உற்பத்தியாளர்களின் பொதுக்குழு கூட வேண்டும் என்பது விதி. உற்பத்தியாளர்கள் யாரும் மிஞ்சாததால் கூட்டம் கூட வழியில்லை. ஆகவே கழகம் சட்டப்படி உயிரோடு இருந்தது, காப்பதற்கு ஒன்றும் இல்லாமல்.

தலைவர் ஆர்தெமியோ பெவிலாக்வா ஒரு நாள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார் என்று சொல்கிறார்கள். எதிரே இறைச்சிக் கடை, பெவிலாக்வா. பக்கத்தில் முடி வெட்டும் கடை, பெவிலாக்வா. நடுத்தெருவில் ஒரு பெவிலாக்வா இன்னொரு பெவிலாக்வாவின் தாயை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அதே குடும்பப் பெயர். தலைவர் ஜன்னலை மூடிவிட்டு விதிகளை எடுத்தார். பாலாடைக்கட்டி என்று இருந்த இடத்திலெல்லாம் பெவிலாக்வா என்று மாற்றினார். வேறெதையும் மாற்ற அவருக்கு நேரம் இருக்கவில்லை.

முதல் வேலை, பெயருக்குப் பூர்வீகம் தேடுவது. அந்தப் பெயருக்குத் தண்ணீர் குடிப்பவன் என்று பொருள். திராட்சை விளையும் ஊரில் அப்படி ஒருவனுக்குப் பெயர் வைத்தார்கள் என்றால் அவனை யாருக்கும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஊரார் சொல்லிவந்த கதையும் அதுதான்: யாரும் கூடக் குடிக்க அழைக்காத ஒரு சிடுமூஞ்சி. கழகம் நகரத்திலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்தது. அவர் சில வாரம் நன்றாகச் சாப்பிட்டார். முதல் பெவிலாக்வா, மலையைக் கடந்து ரோமைத் தாக்க வந்த ஹன்னிபாலின் யானைகளுக்குத் தண்ணீர் காட்டியவர் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். ஹன்னிபால் எதிரி ஆயிற்றே என்று யாரோ சொன்னார்கள். அடுத்த வாரம் அதே பெவிலாக்வா யானைகளுக்குத் தண்ணீர் தர மறுத்தவர் ஆனார். அதே அளவு கைதட்டினார்கள். இப்போது ஊர் எல்லையில் ஒரு வெண்கல யானை தாகத்தோடு நிற்கிறது.

இரண்டாவது வேலை, பெயரைப் பயன்படுத்துவது. பெவிலாக்வா சுற்றுச்சாலை, பெவிலாக்வா ஆரம்பப் பள்ளி, பெவிலாக்வா பன்றித்தொடைக்கறி, பெவிலாக்வா கம்பளிக் காலுறை, பெவிலாக்வா மலமிளக்கித் தேநீர். பொருள்களுக்கு விதி எளிது. கட்டணம் கட்டினால் பெயர் கிடைக்கும். மனிதர்களுக்குத்தான் தரம் பார்த்தார்கள்.

தெற்கே கலாப்ரியாவிலிருந்து வந்து நகரத்தில் பல் பிடுங்கிக்கொண்டிருந்த டாக்டர் பெவிலாக்வா தன் பெயர்ப் பலகையைத் துணியால் மூட வேண்டியிருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து ஒரு முதியவர் தாத்தா பிறந்த மண்ணைப் பார்க்க வந்தார். அழுதுகொண்டே தெருவை முத்தமிட்டார். ஃபெர்மோ அவர் முதுகில் சுத்தியலால் தட்டிக் கேட்டுவிட்டு 'ஏற்றுமதித் தரம்' என்று சான்றிதழ் கொடுத்தான். முதியவர் அதற்கும் அழுதார். ஞானஸ்நானத்தில் பாதிரியார் பெயரை முழுதாகச் சொல்வதை நிறுத்திவிட்டார். பச்சைக் குழந்தைகள் 'முதிர்வில் உள்ளவை' என்ற வகையில் வந்தன.

மக்கள் எதிர்க்கவில்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சாலை வந்தது, யானை வந்தது, தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு முறை வந்தார்கள். எதிர்க்க நினைத்தவர்களுக்குக் காலுறை கொடுத்தார்கள்.

நான் தலைவரைப் பார்க்கப் போனேன். மேஜைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் கடைசிப் பாலாடைக்கட்டி இருந்தது. உள்ளே எதுவோ அதைத் தின்றுகொண்டிருந்தது. என்னை உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, நிவெஸைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்றார். அவள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய நாளின் வெள்ளை உடையைக்கூட நினைவு வைத்திருந்தார். பிறகு விதியை விளக்கினார்.

"பால் நம்ம பால், தம்பி. அதை நான் இல்லேங்கல. அவங்க அப்பனைத் தெரியும், அப்பனோட அப்பனைத் தெரியும். ஆனா உறைஞ்சது எங்க? கீழே, நகரத்து ஆஸ்பத்திரியில. எல்லைக்கு வெளியே உறைஞ்சா அது வேற சரக்கு. நான் என்ன பண்ண முடியும்?"

ஊரில் பிரசவ ஆஸ்பத்திரி மூடி எத்தனையோ காலம் ஆகிறது, இங்கே நாற்பது வயதுக்குக் கீழே எந்தப் பெவிலாக்வாவும் எல்லைக்குள் பிறக்கவில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அதுதான் தம்பி அபூர்வம். எல்லாருக்கும் கிடைச்சா அதுக்குப் பேர் தரமா?"

அப்படியென்றால் தலைவரே எங்கே பிறந்தார் என்று கேட்டேன். அவர் புண்படவில்லை. தலைவர்தான் ஒப்பிடுவதற்கான அளவுகோல் என்றார். மற்றவர்களை அவரோடு ஒப்பிடலாம், அவரை ஒப்பிட ஒன்றும் இல்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினார். இன்னொரு சிக்கலும் இருந்தது.

"முதிர்வு. விதிப்படி குறைஞ்சது நாப்பது வருஷம். உங்க சம்சாரம் முப்பத்தொண்ணுல... இடையிலேயே வெளிய எடுத்துட்டாங்க."

"யார் எடுத்தது?"

"அது எங்க துறையில வராது."

சீக்கிரம் எடுத்துவிட்டதாகத்தான் அவளும் நினைத்தாள் என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். சம்பந்தப்பட்டவரும் உடன்பட்டார் என்று எழுதிக்கொண்டார்.

ஆனாலும் கழகம் இரக்கமற்றது அல்ல. மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. சுவைக்குழு கூடி மதிப்பிடும், ஆய்வாளர் நேரில் போய்த் தட்டிப் பார்ப்பார். இரண்டிலும் தேறினால் பிறப்பிடத்தையும் வயதையும் மன்னிக்கலாம்.

சுவைக்குழு அக்டோபரில் கூடியது. பாலாடைக்கட்டிக்கு வைத்திருந்த கேள்விகளையே வைத்துக்கொண்டார்கள். தெரிந்தவர்களைக் கூப்பிட்டு நிவெஸைப் பற்றிக் கேட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர், முதலில் கொஞ்சம் காரம், பழகினால் இனிப்பு என்றார். பள்ளியில் அவளோடு வேலை பார்த்த ஆசிரியை, அமைப்பு உறுதி, அழுத்தினால் உதிரும் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுகைக்குத் தனி மதிப்பெண் இல்லை.

என் முறை வந்தது. மணம் என்ன என்று கேட்டார்கள். மருந்து என்றேன். அது கடைசிக் காலம், அதற்கு முன்னால் என்று கேட்டார்கள். யோசித்தேன். எனக்கு நினைவு வரவில்லை. நினைவில்லை என்றேன். குழுவில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், கணவனுக்கே தெரியவில்லை என்று முணுமுணுத்தார். அவர் சொன்னதில் தவறில்லை.

கடைசியாக, நாவில் தங்கும் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்றார்கள். இன்னும் நிற்கிறது என்று அத்தை எழுந்து சொன்னாள். அவளை உட்காரச் சொன்னார்கள். தாயின் நாக்கு சாட்சியாகச் செல்லாது.

அதற்கடுத்து கல்லறை. தலைவர் வந்தார், குழுவினர் வந்தார்கள், ஃபெர்மோ சுத்தியலோடு வந்தான். அவன் நல்ல மனிதன். தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான். நிவெஸின் மாடம் மேல் அடுக்கில் இருந்தது. ஏணியில் ஏறி வெறும் பலகையின் மேல் மெதுவாகத் தட்டினான். காதை வைத்தான். ஓரங்களில் தட்டினான். நடுவில் தட்டினான். எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்டோம். பக்கத்து மாடங்களின் கிழவர்கள் கூடக் கேட்பதுபோல் இருந்தது.

"உள்ளே வெற்றிடம் இருக்கு" என்றான் ஃபெர்மோ.

"அது கல்லறைடா" என்றாள் அத்தை.

"தெரியுதும்மா. ஆனா காதுல விழுந்ததைத்தானே நான் சொல்லணும்."

"பக்கத்துல இருக்கறதைத் தட்டு. அதுவும் அப்படித்தான் கேக்கும்."

"அவங்க மேல்முறையீடு பண்ணலையேம்மா."

அவன் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னொரு தடவை தட்டினான். அத்தை ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், இறங்கு. எவ்வளவு தட்டினாலும் அவ வந்து கதவைத் திறக்கப் போறதில்லை."

ஃபெர்மோ இறங்கினான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அறிக்கையில் 'வெற்றிடம், பெரியது' என்று எழுதினான்.

தலைவர் அங்கேயே சின்ன உரை ஒன்று நிகழ்த்தினார். இதில் யாருக்கும் வெற்றி இல்லை என்றார். இன்று ஒரு நிவெஸுக்கு விட்டுக்கொடுத்தால் நாளை இந்தச் சுவரில் கிடக்கிற எல்லோரும் பெயர் கேட்பார்கள் என்றார்.

"நான் உயிரோட இருக்கறவங்களுக்காக இதைச் செய்யல, செத்தவங்களுக்காகவும் செய்யல. பேருக்காகச் செய்யறேன். மனுஷங்க வருவாங்க போவாங்க. மனுஷங்களே இல்லாட்டியும் பேரு நிக்கும். அப்படி நின்னா எங்க வேலை இன்னும் சுலபம்."

இது தன் வாயிலிருந்து வந்ததில் அவருக்கே கொஞ்சம் மகிழ்ச்சி என்பது தெரிந்தது. குழுவினர் கைதட்ட ஆரம்பித்து, இடத்தை நினைத்து நிறுத்தினார்கள்.

வெளியே வாசலில் தலைவர் என் தோளில் கை போட்டார். கழகத்துக்கு ஒரு கஷ்டம் இருந்தது. தலைநகரத்து அமைச்சகம் கடிதம் போட்டிருந்தது. சான்று பெற்ற, நாற்பது வயதுக்குக் குறைந்த ஒரு பெவிலாக்வாவையாவது ஆண்டு முடிவதற்குள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மானியம் நிற்கும். கழகம் அதுவரை ஊரில் இருந்த எல்லா இளம் பெவிலாக்வாக்களையும் நிராகரித்திருந்தது. அவ்வளவு கறாராக வேலை செய்திருந்தார்கள்.

"நீங்க எங்க பொறந்தீங்க தம்பி?"

நான் இந்த ஊர்க்காரன் இல்லை, சமவெளியில் வளர்ந்தவன் என்றேன். வளர்ந்ததைக் கேட்கவில்லை, பிறந்ததைக் கேட்கிறேன் என்றார். அது அவருக்கு முன்பே தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். நிவெஸ் எங்கள் கல்யாணத்தில் ஒலிபெருக்கியில் சொல்லிச் சிரிக்கவைத்த கதை அது. என் அம்மா நிறைமாதத்தில் ஏதோ உறவினர் கல்யாணத்துக்குப் பேருந்தில் மலையைக் கடந்து போனபோது பனிப்பொழிவில் பேருந்து நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தில் சூடேற்றிய கட்டடம் ஒன்றுதான் இருந்தது. பியான்தோர்த்தா பாலாடைக்கட்டிக் கிடங்கு. நான் அங்கே பிறந்தேன், முதிர்வுக்கு வைத்த கட்டிகளுக்கு நடுவில், பலகையின் மேல்.

"எல்லைக்குள்ளே உறைஞ்சது" என்றார் தலைவர் மெதுவாக. "அதுவும் கிடங்குலேயே."

நான் கெரார்தி ஆயிற்றே என்றேன். பால் வெளியூர்தான், அதை ஒத்துக்கொண்டார். ஆனால் பாலைப் பற்றிய பிரிவைக் குழு கூடி வாசலிலேயே தளர்த்தியது. முதிர்வைப் பற்றிய பிரிவில், கிடங்கில் பிறந்தவர்களுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்த்தார்கள். எழுத இடமில்லாததால் ஒருவர் குனிந்து முதுகைக் கொடுத்தார். நிவெஸுக்காகக் கேட்டபோது அந்த விதிகள் முன்னோர் தந்தவை, மாற்ற முடியாதவை. அதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

எனக்கு என்ன கிடைக்கும் என்பதையும் தலைவர் சொன்னார். பெவிலாக்வா என்று சான்று பெற்றவன் அந்தப் பெயரைத் தன் குடும்பத்துக் கல்லில் பொறிக்கலாம். மனைவியின் கல் குடும்பத்துக் கல்தான். ஆக நவம்பர் இரண்டுக்குள் அந்தச் சுவரில் பெவிலாக்வா என்ற சொல் வந்துவிடும்.

"உங்க மாமியாருக்கும் சந்தோஷம். எங்களுக்கும் சந்தோஷம். உங்களுக்கு..." என்று என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் பரவாயில்லதானே?"

பரவாயில்லை என்றேன்.

ஒரு சடங்கு மட்டும் பாக்கி இருந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார்கள். குளிராக இருந்தது. ஃபெர்மோ சுத்தியலைத் தன் கோட்டில் துடைத்துவிட்டு என் நெஞ்சில் தட்டினான். காதை வைத்தான். இடது பக்கம் தட்டினான். முதுகைத் திருப்பித் தட்டினான். அவன் காது வெதுவெதுப்பாக இருந்தது. செப்டம்பருக்குப் பிறகு இன்னொரு மனிதரின் தோல் என்மேல் பட்டது அப்போதுதான். அவன் வெகுநேரம் கேட்டான். தலையைத் தூக்கியபோது அவன் முகத்தில் பழைய நாட்களின் கௌரவம் வந்திருந்தது.

"முழுசா திடமா இருக்கு தலைவரே. எங்கேயும் வெற்றிடம் இல்ல. இப்படி ஒரு சரக்கு என் கைக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு."

இந்த முறை தயங்காமல் கைதட்டினார்கள். தலைவர் என்னைக் கட்டிக்கொண்டார். நான் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

அமைச்சகத்திலிருந்து ஒருவர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். மானியம் வந்தது. மலமிளக்கித் தேநீர் டப்பாவில் என் படத்தைப் போட்டார்கள். பளிங்கு வெட்டுபவன் முத்திரையைப் பார்த்து எழுந்து நின்றான்.

பலகையில் போட வேண்டிய வாசகத்தைக் கழகமே கொடுத்தது. சான்று பெறாதவரின் பெயரோடு காக்கப்பட்ட பெயரை ஒட்டி எழுதக் கூடாது. நடுவில் உறவைக் குறிக்க வேண்டும். நான் அதைப் படித்துப் பார்த்தேன். சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. பளிங்கு வெட்டுபவன் அழகாகச் செதுக்கினான்.

இறந்தோர் நாள் காலையில் ஊர் முழுவதும் வந்தது. செவ்வந்திப்பூ வாசனை. சுவரின் ஒரு முனையிலிருந்து வழக்கம்போல் படித்துக்கொண்டே வந்தார்கள். அத்தை கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிவெஸின் மாடத்துக்குக் கீழே முன்கூட்டியே வந்து நின்றிருந்தாள். பலகை வந்துவிட்டது என்று மட்டுமே அவளிடம் சொல்லியிருந்தேன். அவளுக்குத் தூரப் பார்வை மங்கல். மேல் அடுக்கில் எழுத்து இருப்பது தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. ஊர் பக்கத்தில் வரட்டும், எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நான் அவளை இப்படிச் சிரித்த முகத்தோடு அந்த ஆண்டு பார்க்கவில்லை.

கூட்டம் வந்தது. தலைவர்தான் முன்னால் நின்று உரக்கப் படித்தார். பின்னால் ஊர் சேர்ந்து சொன்னது.

"நிவெஸ். இவானோ பெவிலாக்வாவின் மனைவி."

யாரும் தாண்டிப் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிலர் பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அடுத்த மாடத்துக்கு நகர்ந்தார்கள்.

அத்தை அசையவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். மறுபடியும் சொன்னாள். படித்தேன். அவள் பூவை மாடத்தில் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

"இது உன் கல்லு, மாப்ளே" என்றாள். "என் பொண்ணு எங்க?"

விதிப்படி அங்கேதான் இருக்கிறாள் என்றேன்.